ரண ஜன்னி (டெட்டனஸ்) வந்து பிழைத்த பெரியப்பாவுக்கு மறுபடியும் டி.டி. ஊசி எதற்கு?

மாரண்டஅள்ளி மகன்:
எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுமையாகப் படித்துப் பதில் சொல்லுங்கள். என் பெரியப்பாவுக்கு வயது 64. கேழ்வரகு, தக்காளி, பத்துப் பதினைந்து ஆடு, இரண்டு மாடு, இதுதான் அவர் பிழைப்பு. ஆட்டுப்பட்டிக்கு வேலி அடைக்க வேலிக்காத்தான் முள் வெட்டினபோது பாதத்தில் ஒரு முள் ஏறியது. ஊக்கு வைத்துக் கிளறி அவரே எடுத்துவிட்டு, சுண்ணாம்பு தடவிக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார். ரத்தம்கூடச் சரியாக வரவில்லை. இதையெல்லாம் அவர் சொல்லி நாங்கள் கேட்டது ரொம்பப் பின்னால்தான், அந்த நேரத்தில் வீட்டில் யாருக்கும் தெரியாது.

ஒன்பதாம் நாள் காலையில் களி உருண்டையை வாயில் வைக்க முடியவில்லை, வாய் திறக்க மாட்டேன் என்கிறது என்றார். கடவாய்ப்பல் வலியாக இருக்கும் என்று தர்மபுரிக்கு ஒரு பல் மருத்துவரிடம் கூட்டிப் போனோம். அவர் வாயைத் திறக்கச் சொன்னார், ஒரு விரல் அளவுதான் திறந்தது. ஒரு தட்டைக் குச்சியை உள்ளே விட்டுத் தொண்டையின் பின்பக்கம் தொட்டார். யாருக்கும் குமட்டிக்கொண்டு வரும் இடம் அது. பெரியப்பாவுக்குக் குமட்டவில்லை, குச்சியை நறுக்கென்று கடித்துக்கொண்டார், விடவே முடியவில்லை. மருத்துவர் முகம் மாறிவிட்டது. கழுத்தைத் தொட்டார், வயிற்றை அழுத்தினார், வயிறு பலகை மாதிரி இருந்தது. "இது பல் இல்லை, சமீபத்தில் ஏதாவது காயம் பட்டதா" என்று கேட்டுவிட்டு, நாங்கள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே 108-க்குப் போன் செய்துவிட்டார். அவர் மட்டும் வலி மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பியிருந்தால் பெரியப்பா இன்றைக்கு இல்லை.

அப்புறம் ஆறு வாரம். அதில் 19 நாள் வென்டிலேட்டர், கழுத்தில் துளை போட்டுக் குழாய். இருட்டு அறையில் வைத்திருந்தார்கள். விளக்கு போடக் கூடாது, சத்தமாகப் பேசக் கூடாது. ஒருநாள் வெளியே யாரோ டம்ளரைக் கீழே போட்ட சத்தத்துக்கே உடம்பு முழுக்க வில் மாதிரி வளைந்தது. நினைவு மட்டும் முழுசாக இருந்தது, அதுதான் கொடுமை. ஒவ்வொரு இழுப்பும் அவருக்குத் தெரிந்தே நடந்திருக்கிறது.

இப்போது வீட்டில் இருக்கிறார், கோல் ஊன்றி நடக்கிறார். என் கேள்வி இதுதான். வீட்டுக்கு அனுப்பும்போது, ஏற்கெனவே ஒரு டி.டி. (ரண ஜன்னித் தடுப்பூசி) போட்டாகிவிட்டது, நான்கு வாரம் கழித்து இன்னொன்று, அதற்கு ஆறு மாதம் கழித்து மூன்றாவது, கட்டாயம் போட்டுக்கொள்ள வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அம்மை வந்தவருக்கு மறுபடி அம்மை வராது என்பார்கள். இவ்வளவு பெரிய நோய் வந்து பிழைத்த உடம்புக்கு எதற்கு ஊசி? பெரியம்மா வேண்டாம் என்கிறார். நான் என்ன சொல்லட்டும்?

அரூர் அக்கா:
தம்பி, முதலில் அந்த ஊசியைப் போட்டுவிடுங்கள், விளக்கம் பிறகு கேட்டுக்கொள்ளலாம். நான் 31 வருடம் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். பெரியம்மா கேட்பது நியாயமான கேள்விதான், அம்மைக்கு அது சரி, ரண ஜன்னிக்குச் சரியில்லை.

இந்த நோயை உண்டாக்குவது கிருமி நேரடியாக இல்லை, அது கக்கும் நஞ்சு. உலகத்தில் தெரிந்த நஞ்சுகளில் மிகக் கொடியவற்றில் ஒன்று. ஒரு ஆளைச் சாய்க்க அதில் அணுவளவு போதும். அந்த அணுவளவு, நம் உடம்பு அதை அடையாளம் கண்டு எதிர்ப்பொருள் செய்து வைத்துக்கொள்வதற்குப் போதாது. ஆளைக் கொல்லும் அளவு உண்டு, உடம்புக்குப் பாடம் சொல்லும் அளவு இல்லை. அதனால்தான் நோய் வந்து போனாலும் உடம்பில் எதிர்ப்பு நிற்காது, உங்கள் பெரியப்பா அடுத்த வருடம் அதே வேலியில் அதே முள்ளை மிதித்தால் அதே நோய் வரலாம். ஊசியில் இருப்பது விஷம் முறித்த நஞ்சு. அதைத் தாராளமாகக் கொடுக்க முடிகிறது, உடம்பும் கற்றுக்கொள்கிறது. பெரியம்மாவிடம் இப்படியே சொல்லுங்கள், புரிந்துகொள்வார்.

இன்னொன்று கேட்கிறேன். பெரியப்பா இதற்கு முன்னால் வாழ்நாளில் எத்தனை டி.டி. போட்டிருக்கிறார்?

மாரண்டஅள்ளி மகன்:
மருத்துவமனையிலும் இதையேதான் கேட்டார்கள் அக்கா. வீட்டில் யாருக்கும் பதில் தெரியவில்லை. பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் அரிவாள் பட்டபோது ஒன்று போட்ட ஞாபகம் இருக்கிறது, அதுதான். சின்ன வயதில் ஒன்றும் போட்டதில்லை என்கிறார். எங்கள் மாட்டுக்குக் காதில் 12 இலக்க எண்ணோடு வில்லை மாட்டியிருக்கிறார்கள், வருடம் இரண்டு முறை கோமாரி ஊசி போட்டு அந்த எண்ணில் பதிகிறார்கள். பெரியப்பாவுக்கு ஒரு துண்டுச் சீட்டு இல்லை. ஐ.சி.யூ. வாசலில் உட்கார்ந்திருந்தபோது இதை நினைத்துத்தான் எனக்கு அழுகை வந்தது.

காவேரிப்பட்டணம் மெக்கானிக்:
படிக்கவே கை நடுங்குகிறது நண்பா, பெரியப்பா நல்லபடியாகத் தேறி வரட்டும். எனக்கு ஒரு சந்தேகம். நான் பட்டறை வைத்திருக்கிறேன். கையில் தகடு கிழிக்காத மாதமே இல்லை. டி.டி. ஆறு மாதம்தான் தாங்கும் என்று சொல்வார்கள், அதனால் ஆறு மாதம் தாண்டி எப்போது கிழித்தாலும் பக்கத்துக் கிளினிக்கில் ஒன்று போட்டுக்கொள்கிறேன். இருபது வருடமாக இப்படித்தான். போன தடவை தோளிலிருந்து முழங்கை வரைக்கும் வீங்கி மூன்று நாள் ஸ்பேனர் பிடிக்க முடியவில்லை. நான் செய்வது சரியா?

பர்கூர் டாக்டர்:
மெக்கானிக் அண்ணா, ஆறு மாதக் கணக்கு தவறு. நம் ஊர்ப்பக்கம் எல்லோரும் சொல்கிறார்கள், சில கிளினிக்குகளிலும் சொல்கிறார்கள், ஆனால் தவறுதான். அடிப்படை மூன்று ஊசி ஒழுங்காக முடித்தவருக்குச் சின்னச் சுத்தமான காயம் என்றால் கடைசி ஊசி போட்டு 10 வருடம் ஆகியிருந்தால்தான் இன்னொன்று. மண், சாணி, எச்சில் பட்ட காயம், ஆழமாகக் குத்திய காயம், நசுங்கிய காயம், தீக்காயம் என்றால் 5 வருடக் கணக்கு. அதற்குள் இருந்தால் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவுவதுதான் வேலை, ஊசி இல்லை. உங்கள் கை வீங்கினதற்குக் காரணம் உடம்பில் எதிர்ப்பொருள் ஏற்கெனவே நிறைய இருப்பது. அது இருக்கும்போது மேலே மேலே போட்டால் இப்படித்தான் வீங்கும். உங்களுக்கு இனி 10 வருடத்துக்கு டி.டி. வேண்டாம்.

ஆனால் இந்த இழையில் என் மனதை உறுத்துவது வேறு. உங்களுக்கு இருபது வருடத்தில் இருபது, முப்பது ஊசி போயிருக்கும். மாரண்டஅள்ளித் தம்பியின் பெரியப்பாவுக்கு 64 வயதுக்கு ஒன்றே ஒன்று. ஒன்று என்பது கணக்கில் ஏறக்குறைய பூஜ்யம். முதல் ஊசி உடம்புக்கு அறிமுகம்தான் செய்யும். நான்கு வாரம் கழித்து இரண்டாவது போட்ட பிறகுதான் எதிர்ப்பொருள் காப்பாற்றும் அளவுக்கு ஏறும், ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் மூன்றாவது போட்டால்தான் அது வருடக்கணக்கில் நிற்கும். நம் ஆட்கள் காயம் பட்ட அன்று ஒன்று போட்டுக்கொண்டு, டி.டி. போட்டாச்சு என்று நிம்மதியாகப் போய்விடுகிறார்கள். இரண்டாவதுக்கு யாரும் வருவதில்லை, வரச் சொல்லி நாங்களும் அழுத்திச் சொல்வதில்லை, அது எங்கள் மேல் உள்ள தவறு.

பென்னாகரம் வாத்தியார்:
டாக்டர், அப்படியானால் எங்கள் அப்பா மாதிரி ஒரு ஊசியும் போடாத ஆள் நாளைக்குக் கடப்பாரையைக் காலில் போட்டுக்கொண்டு வந்தால் அன்றைக்குப் போடும் டி.டி. பயன்படாதா?

பர்கூர் டாக்டர்:
அந்தக் காயத்துக்கு அது மட்டும் போதாது ஐயா. எத்தனை போட்டோம் என்று தெரியாதவர், மூன்றுக்குக் குறைவாகப் போட்டவர், இவர்களுக்கு அழுக்குக் காயம் பட்டால் ஒரு கையில் டி.டி.யும், வேறு இடத்தில் டெட்டனஸ் இம்யூனோகுளோபுலின் என்ற ஊசியும் போட வேண்டும். இந்த இம்யூனோகுளோபுலினில் இருப்பது வேறு மனிதர்களின் ரத்தத்திலிருந்து பிரித்த தயார் எதிர்ப்பொருள், 250 யூனிட். அது சில வாரம் காவல் நிற்கும், அதற்குள் டி.டி. தன் வேலையைத் தொடங்கும். இதன் விலை டி.டி. மாதிரி இல்லை, பல மடங்கு. எல்லா இடத்திலும் கையில் இருக்கும் என்றும் சொல்ல முடியாது. மூன்று டி.டி.யை முன்கூட்டியே போட்டு வைத்தால் இந்த அலைச்சலே இல்லை.

முன்கூட்டியே போடுவதன் பலன் எவ்வளவு என்று கேட்டால் ஒரு பழைய கணக்கு சொல்கிறேன். டெட்டனஸ் தடுப்பூசி 1924-இல் வந்தது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படை தன் ஆட்களுக்கெல்லாம் முதலிலேயே போட்டுவிட்டது. காயத்தோடு மருத்துவமனைக்கு வந்தவர்கள் 25 லட்சத்துக்கும் மேல். அதில் ரண ஜன்னி வந்தது 12 பேருக்கு. சேற்றிலும் சாணியிலும் கிடந்து பட்ட காயங்கள் அவை.

பேரிகை ரோஜா:
நான் ரோஜாக் குடிலில் வேலை செய்கிறேன், பேரிகை பக்கம். கையில் முள் ஏறாத நாளே கிடையாது. குடிலில் தொழு உரம், மண் எல்லாம் உண்டு. எனக்கு இரண்டு குழந்தை, இரண்டு பிரசவத்திலும் ஊசி போட்டார்கள். அது கணக்கில் வருமா? என் வீட்டுக்காரர் பெட்டி சுமக்கிற வேலை, அவருக்குப் போட்டதே இல்லை.

அரூர் அக்கா:
கட்டாயம் வரும் கண்ணு. முதல் பிரசவத்தில் இரண்டு, அடுத்ததில் இடைவெளியைப் பொறுத்து ஒன்றோ இரண்டோ போட்டிருப்போம். பிரசவ அட்டையை எடுத்துப் பார்த்து எண்ணிக்கொள், மூன்று இருந்தால் உனக்கு அடிப்படை முடிந்தது, கடைசியாகப் போட்ட வருடத்தை மட்டும் நினைவில் வை. அட்டையைத் தூக்கி எறிந்துவிடாதே.

உன் வீட்டுக்காரர்தான் இந்த இழையில் நான் சொல்ல வந்த ஆள். நம் நாட்டு அட்டவணையில் குழந்தைக்கு உண்டு, ஒன்றரை மாதம், இரண்டரை மாதம், மூன்றரை மாதம், அப்புறம் ஒன்றரை வயது, ஐந்து வயது. 10 வயதிலும் 16 வயதிலும் ஒவ்வொன்று. கர்ப்பிணிக்கு உண்டு. அவ்வளவுதான். வளர்ந்த ஆண் பிள்ளைக்கு அதில் இடமே இல்லை. முத்தடுப்பு ஊசி (தொண்டை அடைப்பான், கக்குவான், ரண ஜன்னி மூன்றுக்கும் சேர்ந்தது) அரசுத் திட்டமாக வந்ததே 1978-இல், ஊர் ஊராகப் பரவலாக்கியது 1985-க்குப் பிறகு. அதற்கு முன்னால் பிறந்த ஆண்களில், எங்கள் சித்தேரி மலைப் பக்கத்திலும் அஞ்செட்டி, தளி பக்கத்திலும் இருப்பவர்களில், மூன்று ஊசி முழுசாகப் போட்டவர்களை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். மண்ணோடும் மாட்டோடும் அதிகம் புழங்குவது அவர்கள்தான்.

பெண்களுக்குப் போட்டது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியும். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் மலைக் கிராமங்களில் வீட்டுப் பிரசவம் நிறைய. கையில் கிடைத்த பிளேடில் கொடியை அறுத்து, அது காய்வதற்குச் சாம்பலோ சாணியோ வைப்பார்கள். இரண்டு நாள் நன்றாகப் பால் குடித்த குழந்தை மூன்றாம் நான்காம் நாள் திடீரென்று உறிஞ்சாது. அப்புறம் தொட்டால் இழுக்கும், கதவு சாத்தும் சத்தத்துக்கு இழுக்கும். அப்படி இரண்டு குழந்தையை நான் மடியில் வைத்துக்கொண்டு ஜீப்பில் போயிருக்கிறேன். ஒன்றையும் திருப்பிக் கொண்டுவரவில்லை. தாய்க்குப் போட்ட ஊசியின் எதிர்ப்பொருள் கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும், அதனாலும் மருத்துவமனைப் பிரசவத்தாலும் இது குறைந்து குறைந்து, 2015-இல் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவில் பச்சிளங்குழந்தை ரண ஜன்னி ஒழிந்தது என்று அறிவித்தது. எந்த மாவட்டத்திலும் ஆயிரம் பிறப்புக்கு ஒன்றுக்கும் கீழே என்பது அதன் கணக்கு. அந்தச் செய்தியைப் படித்த அன்று நான் அந்த இரண்டு குழந்தைகளையும் நினைத்துக்கொண்டேன். தாய்க்கும் பிள்ளைக்கும் செய்ததை அப்பனுக்கும் செய்ய வேண்டும் என்பதுதான் என் ஆசை.

வேப்பனஅள்ளி காளை:
எங்கள் ஊரில் தை மாதம் எருது விடும் விழா. காளை மோதிக் கீழே விழுந்து மண்ணோடு சிராய்த்துக்கொண்டு வருபவர்கள் நிறைய. துரு இல்லையே, இரும்பு படவில்லையே, எதற்கு ஊசி என்று பசங்க கேட்கிறார்கள். துருவால்தானே வரும்?

பர்கூர் டாக்டர்:
துருவுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை தம்பி. துருப்பிடித்த ஆணி வருடக்கணக்கில் மண்ணில் கிடக்கிறது, அதனால் மண்ணில் உள்ள கிருமி விதை அதில் ஒட்டியிருக்கும், ஆழமாகக் குத்தி உள்ளே விட்டுவிடும். புத்தம் புது ஆணியிலும் சாணி பட்டிருந்தால் வரும், முள்ளிலும் வரும், மூங்கில் சிலாம்பிலும் வரும். மாடு, குதிரை, ஆடு இவற்றின் குடலில் அந்தக் கிருமி சாதாரணமாக இருக்கிறது, சாணியோடு வெளியே வந்து விதையாக மாறி மண்ணில் பல வருடம் உயிரோடு இருக்கும். வெயில் ஒன்றும் செய்யாது, கொதிக்கிற தண்ணீரைக்கூடக் கொஞ்ச நேரம் தாங்கும். ஒன்றே ஒன்று வேண்டும் அதற்கு, காற்றுப் படாத இடம். அதனால்தான் பெரிய திறந்த காயத்தைவிட, மேலே மூடிக்கொண்ட முள் குத்து மோசம். முளைத்து நஞ்சைக் கக்கும், நஞ்சு நரம்பு வழியே தண்டுவடத்துக்கு ஏறும். தசைக்கு இறுகு என்று ஒரு கட்டளை, விடு என்று ஒரு கட்டளை உண்டு. அந்த விடு என்பதைத்தான் இது அடைத்துவிடுகிறது. நரம்பில் ஒட்டிய நஞ்சை எந்த மருந்தாலும் பிரித்தெடுக்க முடியாது, புது நரம்பு முனை முளைக்கும்வரை ஆளை உயிரோடு வைத்திருப்பதுதான் சிகிச்சை. பெரியப்பாவின் ஆறு வாரம் அதற்குத்தான்.

உங்கள் பசங்களில் பள்ளியில் 10 வயது, 16 வயது ஊசி போட்டவர்களுக்குப் பெரும்பாலும் கவலை இல்லை. பாதியில் படிப்பை விட்டவர்களை விசாரியுங்கள். சாணி, சுண்ணாம்பு, காபித்தூள் எதையும் காயத்தில் அப்பக் கூடாது என்றும் சொல்லுங்கள். அப்பினால் கிருமியும் போகும், காற்றும் அடைபடும்.

பென்னாகரம் வாத்தியார்:
ஒரு கேள்வி, தவறாக நினைக்க வேண்டாம். வெளிநாட்டில் 10 வருடத்துக்கு ஒன்று என்பதே தேவையில்லை என்று ஆராய்ச்சி வந்ததாகப் படித்தேன். பிறகு நாம் ஏன் இவ்வளவு பேசுகிறோம்?

பர்கூர் டாக்டர்:
நல்ல கேள்வி ஐயா, சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள். அமெரிக்காவில் ஓரிகன் சுகாதார அறிவியல் பல்கலைக்கழகத்தார் 2016-இல் 546 பெரியவர்களின் ரத்தத்தைப் பார்த்து, எதிர்ப்பு 30 வருடம்கூட நிற்கிறது என்றார்கள். 2020-இல் 31 நாடுகளை ஒப்பிட்டு, பெரியவர்களுக்கு 10 வருட ஊசி போடும் நாட்டுக்கும் போடாத நாட்டுக்கும் நோயில் வித்தியாசம் தெரியவில்லை என்றார்கள். பிரிட்டனில் வாழ்நாளுக்கு ஐந்து போதும் என்றுதான் வைத்திருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனமும் குழந்தையில் தொடங்கினால் ஆறு, பெரியவனாகித் தொடங்கினால் ஐந்து என்று எண்ணித்தான் சொல்கிறது, சாகும்வரை போட்டுக்கொண்டே இரு என்று சொல்லவில்லை.

ஆனால் அந்த ஆராய்ச்சி எல்லாமே சின்ன வயதில் அடிப்படை ஊசியை முடித்த மனிதர்களைப் பற்றியது. அடித்தளம் போட்ட வீட்டுக்கு எத்தனை வருடத்துக்கு ஒருமுறை வெள்ளையடிப்பது என்ற பேச்சு அது. நம்மூர்ப் பெரியவர்களுக்கு அடித்தளமே இல்லை. இன்னொன்று, இது ஆளுக்கு ஆள் தொற்றுகிற நோய் இல்லை. அம்மையில் ஊரே ஊசி போட்டால் போடாதவனும் தப்பிப்பான். இதில் ஊரில் 99 பேர் போட்டாலும் போடாத நூறாவது ஆளுக்கு ஒரு பாதுகாப்பும் கிடையாது. மண் எங்கேயும் போகாது.

காவேரிப்பட்டணம் மெக்கானிக்:
எனக்கு இருபது போட்டு, என் அப்பாவுக்கு ஒன்றுகூடப் போடவில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது. அவருக்குச் சர்க்கரையும் இருக்கிறது. காலில் ஆறாத புண். டாக்டர், சர்க்கரைக்காரருக்குப் போடலாமா?

பர்கூர் டாக்டர்:
சர்க்கரைக்காரருக்குத்தான் முதலில் போட வேண்டும் அண்ணா. கால் மரத்துப்போய் முள் ஏறினதே தெரியாது, புண்ணும் ஆறாது. இந்த வாரமே கூட்டிப் போங்கள்.

அரூர் அக்கா:
இதற்கு ஒரு வழி எனக்குத் தோன்றுகிறது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை 2021 ஆகஸ்ட்டில் நம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தானே தொடங்கினார்கள். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரையோடு வீட்டு வாசலுக்கே வருகிறார்கள். வரும்போது, "எங்கள் வீட்டுப் பெரியவருக்கு டி.டி. மூன்றும் போட வேண்டும், எப்போது வரட்டும்" என்று நாமே கேட்க வேண்டும். சுகாதார நிலையத்தில் புதன்கிழமை தடுப்பூசி நாள், மருந்துக் குப்பி திறந்திருக்கும். முன்பு ரண ஜன்னிக்கு மட்டுமாக இருந்த ஊசியில் 2019 வாக்கில் தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) மருந்தும் சேர்ந்து வந்துவிட்டது, பெயர் இப்போதும் நம் வாயில் டி.டி.தான், பயப்பட ஒன்றும் இல்லை. காயம் இல்லாமல் எதற்கு என்று யாராவது கேட்டால் பின்வாங்காதீர்கள், மருத்துவ அலுவலரைப் பார்த்துப் பேசுங்கள்.

பேரிகை ரோஜா:
அட்டை கிடைத்தது அக்கா! மூன்று இருக்கிறது, கடைசி 2017. வீட்டுக்காரரை வருகிற புதன் கூட்டிப் போகிறேன், மேஸ்திரியிடம் அரைநாள் கேட்டாயிற்று.

மாரண்டஅள்ளி மகன்:
ஐந்து வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். பெரியம்மாவிடம் அக்கா சொன்னபடியே சொன்னேன். கொல்லும் அளவு உண்டு, பாடம் சொல்லும் அளவு இல்லை என்றதும் கொஞ்ச நேரம் பேசவில்லை, அப்புறம் அவரே கிளம்பிவிட்டார். பெரியப்பாவுக்கு இரண்டாவது முடிந்தது. கூடவே எங்கள் அப்பா, சித்தப்பா, பெரியப்பாவோடு ஆடு மேய்க்கும் தாத்தா என்று மூன்று பேருக்கு முதல் ஊசி. செவிலியர் ஆளுக்கொரு அட்டையில் தேதி எழுதிக் கொடுத்தார், அதை ரேஷன் கார்டு உறைக்குள் வைத்திருக்கிறோம்.

அரூர் அக்கா:
ரொம்ப சந்தோஷம் தம்பி. அந்தத் தாத்தாவை விட்டுவிடாதீர்கள், இரண்டாவதுக்கு வராமல் போவது அவர் மாதிரி ஆட்கள்தான்.

மாரண்டஅள்ளி மகன்:
தெரியும் அக்கா. 71 வயது அவருக்கு, கொரோனா ஊசியைத் தவிர வாழ்நாளில் வேறு எதுவும் போட்டதில்லையாம். இரண்டாவது ஊசி நாளைக்கு. அன்றைக்கு ஆட்டுச் சந்தை, வர முடியாது என்று நேற்றே சொல்லிவிட்டார். சந்தைக்கு ஆட்டை நான் ஓட்டிப் போகிறேன், நீங்கள் அப்பாவோடு ஊசிக்குப் போங்கள் என்று பேசி முடித்திருக்கிறேன்.